நாற்பத்தொன்றாம் கேள்வி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு காலை, காபியும் கையுமாக இருந்தபோது பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஷெரின். டாலஸ் பக்கத்து ஆலனில் இருக்கும் எங்கள் சர்ச் நண்பரின் மகள், அமெரிக்காவிலேயே பிறந்தவள். நான் விட்டுவந்த கம்பெனியில் நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறாள். ஆபீஸ், கடை, ஆஸ்பத்திரி என்று பெரிய கட்டடங்களுக்குள் போய், எங்கே எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று அளந்து, குறைக்க வழி சொல்கிற வேலை. "அடுத்தவன் வீட்டு லைட்டை அணைக்கிற உத்தியோகம்" என்று என் மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், க்விக் க்வெஸ்சன்," என்றாள் ஷெரின். "நம்ம சர்வே ஃபார்ம டேப்லெட்டுக்கு மூவ் பண்றோம். ஃபார்ட்டி ஒன் டெலீட் பண்ணிடலாமான்னு கேக்கறாங்க. நோ ஒன் நோஸ் வொய் இட்ஸ் தேர்."

"பண்ணக் கூடாது," என்றேன்.

"ஓகே, பட் வொய்?"

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அப்படி எழுதியதுதான் இது. எங்கள் படிவத்தில் நாற்பது கேள்விகள் கட்டடத்தைப் பற்றியவை. நாற்பத்தொன்றாவது மட்டும் என்னைப் பற்றியது. அது என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மானம் முதல் பத்தியிலேயே போய்விடும்.

படித்த கதையை நீட்டவில்லை. தூத்துக்குடியில் மீனுக்கு ஐஸ் போடும் ஆலையில் மூன்று வருடம், பிறகு டெக்சாஸில் ஒரு மேல்படிப்பு, பிறகு கல்யாணம், ஹெப்சி, இர்விங்கில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட். எண்பதுகளின் நடுப்பகுதி. எண்ணெய் விலை விழுந்து, டாலஸ் பக்கம் கட்டி முடித்த கண்ணாடிக் கட்டடங்களில் பாதி மாடிகள் காலி. வாடகை வராத முதலாளிகளுக்கு அப்போதுதான் கரண்ட் பில்லைப் படிக்கக் கண் தெரிந்தது. அந்தப் புண்ணியத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

மேலாளர் பெயர் வேட். ஆறேகால் அடி உயரம், கப்பலின் எஞ்சின் அறையில் வாலிபத்தைக் கழித்தவர். அவர் பேசியது டெக்சாஸ் இங்கிலீஷ். அதை அச்சுத் தமிழில் எழுதினால் மனிதர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி ஆகிவிடுவார். எனக்கென்னவோ முதல் நாளிலிருந்தே அந்த இழுவை எங்கள் நாசரேத் பக்கத்துப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் அரைநாள் கருவிப் பையைத் திறக்கவிட மாட்டார். "மொதல்ல கையி. பொறவு மீட்டர்," என்பார். குழாய்மேல் உள்ளங்கையை வைப்பார். மோட்டார்மேல் வைப்பார். சுவர்மேல், ஜன்னல் கண்ணாடிமேல், ஒருமுறை தெரியாமல் ஒரு செக்யூரிட்டி ஆளின் முதுகின்மேல். காற்று வரும் ஜாலியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடித்து அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பார். அரைநாள் கழிந்த பிறகுதான் டாங் டெஸ்டர் வெளியே வரும், கம்பியைக் கவ்விப் பிடித்து எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்ப்போம். அதற்கும் பிறகுதான் ரிக்கார்டர். ரிக்கார்டர் என்றால் இப்போதுள்ள சமாசாரம் இல்லை. ஒரு பெட்டி, அதற்குள் அப்பளம்போல் வட்டக் காகிதம், அதன்மேல் ஒரு மைப் பேனா. இருபத்துநாலு மணிநேரத்தில் காகிதம் ஒரு சுற்று சுற்றும். கட்டடம் அதிகமாக மின்சாரம் இழுத்தால் பேனா வெளிப்பக்கம் நகரும். ஒரு நாளைக்கு ஒரு அப்பளம்.

அளந்து முடித்து அறிக்கை எழுதிக் கொடுத்தால் காதில் செருகிய சிவப்புப் பென்சிலை எடுப்பார். திருத்த மாட்டார், திட்ட மாட்டார். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார்: 'உமக்கு எப்படித் தெரியும்?' என் முதல் அறிக்கை பன்னிரண்டு பக்கம். அந்தக் கேள்வி முப்பது இடத்தில் இருந்தது. 'கட்டடம் இர்விங்கில் உள்ளது' என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா மாடிக்கும் காற்றை ஒரே மாதிரி பயங்கரமாகக் குளிரவைத்து அனுப்புவார்கள். பிறகு எந்த அறைக்குக் குளிர் அதிகமோ அங்கே போகும் வழியில் அதே காற்றை வெந்நீர்க் குழாயால் மறுபடி சூடாக்குவார்கள். ஆகஸ்ட் மாதம், வெளியே தார் உருகுகிறது, உள்ளே பாய்லர் எரிகிறது. முதல் தடவை பார்த்தபோது யாரோ மறந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அணைக்கப் போனேன். வேட் என் கையைப் பிடித்துவிட்டார். இவ்வளவு ஏற்பாடும் செய்து, அங்கே டைப் அடிக்கும் பெண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு மேசைக்கடியில் சின்னச் சின்ன ஹீட்டர் வைத்திருப்பார்கள். நான் கிளிப்போர்டுடன் வருவதைப் பார்த்தால் பாவாடையை இழுத்து அதை மறைப்பார்கள். நானும் பார்க்காததுபோல் குறித்துக்கொள்வேன்.

இந்த லட்சணத்தில் ஒரு வருடம் ஓடியது. அடுத்த ஆகஸ்டில் வேட் என்னைக் கூப்பிட்டு, முதல் தடவையாக ஒரு முழுக் கட்டடத்தை என் பொறுப்பில் கொடுத்தார். இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸ் பகுதியில் ஏழு மாடி, வெளியெல்லாம் பழுப்புக் கண்ணாடி. முதலாளிகள் ஹூஸ்டனில். என் கிரீன் கார்டுக் காகிதங்கள் அப்போது வேட்டின் மேசை இழுப்பறையில் அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு வார்த்தை பேசாததே என்னைக் காலை ஏழு மணிக்குக் கட்டடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் ரஸ்ஸல். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர், விலை விழுந்தபோது அந்த வேலை போய் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர். இடுப்பில் ஒரு கிலோ சாவிக்கொத்து. முதல் நாள் கை கொடுத்தேன். சாவியைப் பார்த்தபடியே கொடுத்தார். அவருக்கு நான் ஹூஸ்டன்காரர்கள் அனுப்பிய வேவுக்காரன். எனக்கு அவர் ஒரு முரட்டு ஆள். இரண்டு பேரும் மரியாதையாக ஒருவரையொருவர் தவிர்த்துவந்தோம்.

நான்காம் மாடியில் ஒரு மெஷின் அறை இருந்தது. அந்த மாடியின் காற்றெல்லாம் திரும்பிவந்து, அங்கேயிருக்கும் பெரிய விசிறி வழியாகக் குளிர்ந்து, மறுபடி மாடி முழுக்கப் போகும். சத்தம் அதிகம், ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே ஒரு மடக்கு மேசை போட்டு என் முகாமை அமைத்துக்கொண்டேன். இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் ஹெப்சியின் அம்மாவைச் சொல்ல வேண்டும்.

அந்த ஜூலையில் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் என் மாமியார் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தார். மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அதை ஒரு துவாலையில் சுற்றி, மேலே ஒரு வேதாகமத்தை வைத்து. வேதாகமத்தைத் தாண்டி எந்த அதிகாரியும் கை வைக்கவில்லை. ஆனால் அப்பார்ட்மென்டில் அதை முதல் தடவை குழம்பு வைத்த அன்றே, கேஸ் கசிகிறதா என்று மேனேஜர் வந்து கதவைத் தட்டிவிட்டார். அதிலிருந்து பாத்ரூம் விசிறியைப் போட்டு, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, கள்ளச்சாராயம் காய்ச்சுவதுபோல்தான் ஹெப்சி சமைத்தாள்.

கட்டடத்தில் பிரேக் ரூம் இருந்தது. அதில் மைக்ரோவேவும் இருந்தது. பக்கத்தில் ஒருவர் பாப்கார்ன் போட்டதற்கே மற்றொருவர் மூக்கைப் பொத்தியதை முதல் நாளே பார்த்தேன். நமக்கு ஏன் வம்பு? என் மெஷின் அறையில் ஒரு வெந்நீர்க் குழாய் வளைந்து போயிற்று. அந்த வளைவில் மட்டும் உறை கிழிந்து வெறும் செம்பு தெரிந்தது. சூட்டை வீணாக்கும் குறை, சந்தேகமே இல்லை, அறிக்கையில் முதல் பக்கத்தில் வரவேண்டியது. என் எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கு அந்த வளைவில் அச்சாக உட்கார்ந்தது. பதினொரு மணிக்கு வைத்தால் பன்னிரண்டுக்கு ஆவி பறக்கும். ஆகவே அந்தக் குறையை எழுதுவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவந்தேன்.

நாலாவது நாளே கட்டடத்தின் வியாதி எனக்குத் தெரிந்துவிட்டது. ரிக்கார்டரின் வட்டக் காகிதத்தில் பேனா காலையிலிருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் பன்னிரண்டேகால் வாக்கில் திடீரென்று வெளியே பாயும். இரண்டு மணிவரை இறங்காது. அடித்தளத்தில் குளிர்ந்த தண்ணீர் தரும் பெரிய மெஷின்கள் இரண்டு. ஒன்றே போதும் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, மதியம் மட்டும் இரண்டாவதும் உறுமிக்கொண்டு கிளம்பும். மின்சாரக் கம்பெனி, மாதத்தில் எந்தப் பதினைந்து நிமிடம் மிக அதிகமாக இழுத்தோமோ அதைக் குறித்துவைத்து அதற்குத் தனியாகக் கட்டணம் தீட்டிவிடும். ஆக இந்த மதியக் கூத்துதான் குற்றவாளி.

காரணத்தையும் கண்டுபிடித்தேன். கட்டடத்துக்கு வெளிக்காற்று வருவதற்கு மொட்டைமாடியில் ஒரு பெரிய தகட்டுக் கதவு, டாம்பர் என்போம். கோடையில் அது கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு மதியம் ரஸ்ஸல் மாடிக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு, அவர் இறங்கியதும் நான் ஏறினேன். கதவு ஆவென்று திறந்துகிடந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டை வேறு செருகப்பட்டிருந்தது. டெக்சாஸின் ஆகஸ்ட் முழுவதும் அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சிகரெட் துண்டுகள். போதாதா? புகை பிடிக்க வருகிறார், கதவைத் திறந்துபோடுகிறார், மறந்துபோகிறார். மொத்தம் பத்து வேலைநாள் அளந்து அறிக்கை எழுதினேன். 'கட்டடப் பராமரிப்பாளரின் கவனக்குறைவே மதிய உயர்வுக்குக் காரணம்.' எழுதியபோது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாய்விட்டு ஒருமுறை படித்துக்கூடப் பார்த்தேன்.

வேட் அறிக்கையைப் படித்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சில் நின்றது.

"ஒமக்கு எப்படிவே தெரியும்?"

"என் கண்ணால பாத்தேன். கட்டை வச்சிருந்தாரு."

"கட்டையப் பாத்தீரு. சரி. கட்ட வச்சவன்ட்ட கேட்டீரா, ஏன் வச்சம்னு?"

வேட் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஹூஸ்டன்காரனுவ ஒரு டைமர் கம்பெனிக்காரன்ட்ட பேசிக்கிட்டு இருக்கானுவ. ரஸ்ஸலத் தூக்கிட்டு, நேரம் பாத்துத் தானாப் போட்டு அணைக்கிற ஒரு பொட்டிய சுவத்துல மாட்டிரலாம்னு யோசன. அவனுவளுக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான். நீரு எழுதிக் குடுத்தா வர்ற வெள்ளிக்கெழம அந்தாளு வீட்டுக்குப் போயிருவாரு. அதனால கேக்கேன். ஒமக்கு எப்படித் தெரியும்?"

அந்த வரி எனக்கு அப்போதே கசந்துவிட்டது. நானும் பிழைப்பைத் தேடிக் கடல் தாண்டி வந்தவன்தானே. இரண்டு வாரம் ஒரே கட்டடத்தில் இருந்துவிட்டு, அந்த மனிதரிடம் குட்மார்னிங்கைத் தவிர வேறு எதுவும் நான் பேசியிருக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு அடுக்கைக் குழாய்மேல் வைத்துவிட்டு, பதினொன்றரைக்கு அடித்தளத்தில் இருந்த ரஸ்ஸலின் அறைக்குப் போனேன். மேசைமேல் ஒரு டார்ச், முழங்கைவரை ரப்பர் கையுறை, ஒரு எலிப்பொறி, ஒரு பெரிய குப்பைப் பை. அவரும் வேட் ஊர்க்காரர்தான், அதே இழுவை.

"மாடியில் அந்தக் கதவை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்வே. கரண்டு போவுது. எனக்கு மட்டும் ஆசையா? நாலாம் மாடியில என்னமோ செத்துக் கெடக்கு."

"செத்துக் கிடக்கா?"

"ரெண்டு வாரமாத் தேடுதேன். காத்துக் குழாய் ஒவ்வொண்ணாப் பூந்து பாத்துட்டேன். எலி இல்ல, அணில் இல்ல. மத்தியானம் ஆனா போதும், நாலாம் மாடிப் பொம்பளையாளுவ போன் மேல போன். நான் என்ன செய்ய? மேல போயி வெளிக்காத்தத் தொறந்து வுட்டு, ரெண்டு சிகரெட்டு பிடிக்கிற நேரம் நின்னு, நாத்தம் போவுதான்னு பாப்பேன். எறங்கி வந்தா இன்னொரு போன். அதான் கட்டையக் குடுத்து வச்சுட்டேன்."

"எந்த மாதிரி நாற்றம்?" என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

"அதான் புரியல. இது தரையில செத்த நாத்தம் இல்லவே. கடல்ல செத்த நாத்தம். இங்கேருந்து கடலு எங்க கெடக்கு? இன்னொண்ணு கேளும். அது எதுவா இருந்தாலும் செத்தாப் பன்னெண்டு மணிக்குத்தான் சாவுது. சனி ஞாயிறு லீவு எடுத்துக்கிடுது."

என் காதில் விசிறிச் சத்தம் கேட்டது. மெஷின் அறைக்குள் திரும்பிவரும் காற்று மாடி முழுக்கப் போகும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டது யார்? நான். மூன்று நிறத்தில் போட்டிருந்தேன். அந்தக் காற்று போகும் வழியில்தான் பத்து நாளாக நெத்திலிக் குழம்பும் மற்றதுமாக அடுக்கைத் திறந்துவைத்து, நிதானமாக அப்பளம் நொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது நாற்றமாகத் தெரிந்திருந்தால்தானே?

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நாலு மாடியும் ஓடி ஏறினேன். அடுக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கி, என் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆகஸ்ட் மத்தியானம், கார் பூட்டிய அடுப்பாக இருந்தது. கண்ணில் வழிந்தது வியர்வை மட்டும் என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்தபோது ரஸ்ஸல் கையுறையைப் போட்டுக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு ஒருத்தியும் கூப்புடல," என்றார் ஆச்சரியமாக. ரிக்கார்டரின் பேனா மதியம் முழுக்க ஆடாமல் அசையாமல் வட்டமடித்தது.

அன்று சாயங்காலம் பத்து நாள் காகிதங்களையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஹெப்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளியின் சார்ட் பார்த்துப் பழகியவள். அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இங்க பாருங்க, இது என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை நெத்திலி. செவ்வாக்கிழமை அதே குழம்புதான், மிச்சம். அதான் ரெண்டாவது நாளு இன்னும் பெருசாப் போயிருக்கு. பழைய குழம்புக்குத்தான் வாசம் கூட. புதன்கிழமை எனக்கு ஏழு மணி ட்யூட்டி, தயிர் சாதம் வச்சேன். பாருங்க, ஒண்ணுமே இல்ல." அடுத்த காகிதத்தை இழுத்தாள். "இது என்ன, சின்னதா ஒரு மேடு?"

"வியாழன்."

"முட்டைக்கோஸ்." பிறகு தலையில் கை வைத்தாள். "ஏசப்பா! கரண்டு அளக்கப் போனீங்களா, என் சமையல அளக்கப் போனீங்களா? வாரா வாரம் என்ன சமைச்சேன்னு ஊர்பூரா மை போட்டு எழுதி வச்சிருக்கீங்க!"

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தயிர் சாத நாட்களை நான் அறிக்கையில் 'பராமரிப்பாளர் கவனமாக இருந்த நாட்கள்' என்று எழுதியிருந்தேன்.

"இத வேட் கிட்டச் சொல்லணும்ல?" என்றாள் விக்கலுக்கு நடுவில்.

"கிரீன் கார்டு காகிதம் அவர் டிராயருக்குள்ள கெடக்கு, ஹெப்சி."

விக்கல் நின்றது. "அந்த மனுசன் வேலை நாளைக்குப் போயிருமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வேட்டின் முன்னால் காகிதங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் என்ன குழம்பு என்று எழுதிய சீட்டையும் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார், அது சுடுகிறதா என்று பார்ப்பவர்போல.

"ஒமக்கு எப்படிவே தெரியும்?"

"சார், நான்தான் செஞ்சேன்னு சொல்றேன்!"

"நேத்து ஒரு நா சும்மா இருந்துச்சு. ஒரு நாள வச்சு ரஸ்ஸல நீரு மாட்டி வுட்டா ஒத்துக்கிடுவனா? அப்படின்னா ஒம்மையும் மாட்டிவுட மாட்டேன். திரும்பச் செஞ்சு காட்டணும். ஹூஸ்டன்காரனுவளோட இன்னைக்கு உள்ள கூட்டத்த நான் அடுத்த வாரத்துக்குத் தள்ளுதேன். திங்கக்கெழம அந்தச் சாமானக் கொண்டாரும்."

இப்படியாக, டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கம்பெனியின் அதிகாரபூர்வமான உத்தரவின்பேரில் கருவாட்டுக் குழம்பு வைத்த ஒரே பெண்மணி என் மனைவியாகத்தான் இருப்பாள். "பரிச்சைக்குப் போற குழம்பு," என்று சொல்லி பூண்டு கூடப் போட்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு அடுக்கைத் திறந்தேன். வேட் நான்காம் மாடி வராந்தாவில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடத்தில் ஒரு மூக்கு நிமிர்ந்தது, பிறகு நாலு, பிறகு யாரோ போனை எடுத்தார்கள். ரஸ்ஸல் மாடிக்கு ஓடினார். இரண்டாவது மெஷின் உறுமியது. பேனா பாய்ந்தது. வேட் மெஷின் அறைக்குள் வந்து, கவிழ்த்துப்போட்ட ஒரு வாளியின்மேல் உட்கார்ந்து, ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மென்றார். நான் காத்திருந்தேன். ஒரு பாட்டில் கோக்கை முழுக்கக் குடித்துவிட்டு, "இதுக்கா, வே, இம்புட்டுப் பாடு?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ரஸ்ஸலிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அந்தக் குழாய்க்குள்ள மூணு தடவ மல்லாக்கப் படுத்துப் போனேன்வே. முழங்காலு வீங்கிக் கெடக்கு. மேலேருந்து ஒருத்தி, நான் குளிக்கமாட்டேன், நாத்தம் ஏங்கிட்டேருந்துதான் வருதுன்னு எழுதியே குடுத்துட்டா. ஒரு நா நீரு எறங்கி வந்து, என்ன தேடுதீருன்னு கேட்டிருந்தா?"

நியாயமான கோபம். மன்னிப்புக் கேட்டேன். அவர் போய் டாம்பரை மூடினார். மறுநாள் நான் ஒரு நோட்டுப்புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் போய், "இந்தக் கட்டடத்தில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் சாவிக்கொத்தை உருட்டினார். பிறகு ஆரம்பித்தவர் சாயங்காலம்வரை நிறுத்தவில்லை. கோடை நாலு மாதமும் பாய்லரை அணைத்துவிட்டு, காற்றை இவ்வளவு குளிரவைக்காமல் அனுப்பினாலே போதும், மேலே ஒருத்தியும் ஹீட்டர் வைக்க மாட்டாள் என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்க ஆள் இல்லை. சொன்னபடியே இரண்டு நாள் செய்து பார்த்தோம். பேனா உள்பக்கமாக நகர்ந்து, நான் அதுவரை பார்க்காத இடத்தில் போய் நின்றது. பாவாடையை இழுத்து மறைத்த பெண்களில் ஒருத்தி அவளாகவே ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

கூட்டத்துக்கு ஹூஸ்டனிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். டைமர் கம்பெனியின் விளம்பரத்தாள் அவர் கோப்பிலிருந்து எட்டிப் பார்த்தது. ரஸ்ஸல் கடைசி நாற்காலியில், சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "நீரே வாசியும்."

எழுந்து நின்றேன். "முதல் பரிந்துரை, இந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர் ரஸ்ஸலுடையது," என்று ஆரம்பித்து பாய்லர் சமாசாரத்தைப் படித்தேன். பிறகு அந்த வரி. "மதிய உயர்வுக்குக் காரணம் கணக்கெடுக்க வந்தவரின் சாப்பாடு. பராமரிப்பாளர் செய்தது சரியான காரியம்."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப இது இந்த ஆளு வர்றதுக்கு முன்னாடி இல்லவே இல்லையா?" என்று வேட்டைக் கேட்டார்.

"இல்ல. போனப் பொறவும் இருக்காது," என்றார் வேட். "ஆனா பாய்லரு அணைக்கது ரஸ்ஸல் இருந்தாத்தான் நடக்கும். எந்த மாடிக்கு எம்புட்டுக் குளிரு வேணும்னு ஒரு பொட்டிக்குத் தெரியாது."

விளம்பரத்தாள் கோப்புக்குள் திரும்பிப் போனது. ரஸ்ஸல் அந்தக் கட்டடத்தில் ஓய்வுபெறும்வரை இருந்தார். வெளியே வரும்போது என் தோளில் ஒரு குத்து விட்டார், கொஞ்சம் பலமாகவே. அதற்கு நான் தகுதியானவன்தான். அந்த வெந்நீர்க் குழாய் வளைவுக்கு மறுநாள் அவரே தன் கையால் உறை சுற்றினார், தேவைக்கு இரண்டு மடங்கு கனமாக.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வேட் இழுப்பறையைத் திறந்து, கிரீன் கார்டுக் காகிதங்களை எடுத்து, ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு எங்கள் சர்வே படிவத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தார். நாற்பது கேள்வி முடிந்த இடத்துக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு வரி எழுதி, டைப் அடிக்கக் கொடுத்தார்.

'41. கணக்கெடுப்பவர் மதியச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுகிறார்?'

இதுவரை எழுதி ஷெரினுக்கு அனுப்பினேன். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அவள் அம்மா ஜாஸ்மின் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து வாசித்துக் காட்டினாளாம். சாயங்காலம் இரண்டு பேருமாக ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார்கள்.

"அங்கிள், தட் வாஸ் ஹிலேரியஸ்," என்றாள் ஷெரின். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள்... இப்ப ஃபிரிஸ்கோல ஒரு பில்டிங் சர்வே பண்றேன்."

"சரி."

"ஐ ஈட் இன் தி எலக்ட்ரிக்கல் ரூம்."

பின்னாலிருந்து ஜாஸ்மினின் குரல் வந்தது. "எங்க சாப்புடற? ஏன்டி, பெரிய கேன்டீன் இருக்குன்ன?"

"மா, வெந்தயக் கொழம்பு மா. எவ்ரிபடி லுக்ஸ்."

"நான் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு கட்டித் தர்றேன். அத ஒளிச்சு வச்சா சாப்புடற?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே நின்றது. நானாவது அப்போது புதிதாக வந்து இறங்கியவன், மிரண்டவன். இவள் இந்த ஊரில் பிறந்தவள், இந்த ஊர் இங்கிலீஷில் கனவு காண்கிறவள்.

"நாளைக்குக் கேன்டீன்ல போய் உக்காந்து, அடுக்கத் தொறந்து வச்சுச் சாப்பிடு," என்றேன். "யாராவது பாத்தா பாக்கட்டும்."

"அண்ட் ஃபார்ட்டி ஒன், அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜாஸ்மின் முந்திக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்டி. மொதல்ல நீ அதுக்குப் பதில் எழுது."